தீவிர சிகிச்சைக் கூடமும் நம் குடும்பங்களும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். சென்ற மாதம் சிலப்பதிகாரம் கேட்ட செவிகளுக்கு இம்மாதம் மருத்துவமனைச் செய்தி என்று அறிவிப்புப் பலகையில் எழுதியதைக் கண்டு, 'நல்ல நாளில் இதென்ன பேச்சு' என்று சில பெரியோர் குறைப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். குறை நியாயமானதே. ஆயினும் நம் காலனியில் எத்தனை குடும்பங்கள் தீவிர சிகிச்சைக் கூடத்தின் வெளித் தாழ்வாரத்தில் செய்தித்தாளை விரித்து இரவுகளைக் கழித்திருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், நல்ல நாளிலேயே இதைப் பேசிவிடுவது மேல் என்பது விளங்கும். ஊரில் இருந்தால் அண்ணன் வருவார், மாமன் வருவார்; தெரிந்த டாக்டர் ஒருவராவது இருப்பார். இங்கே, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி உறவினர் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். நோயோ அந்த ஒரு நாளைத் தருவதில்லை.

நாங்கள் மருத்துவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் சம்பளப் பட்டியலும் விடுப்புக் கணக்கும் எழுதிப் பிழைப்போர். எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு நோயின்போது பொறுமையுடன் விளக்கிச் சொன்ன மருத்துவர்களிடமும், அதன்பின் தேடிப் படித்த நூல்களிலும் அறிந்துகொண்டதையே இங்கே கூறுகிறோம். இன்ன மருந்து கொடு, இன்னதை நிறுத்து என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. அதை எவரும் எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் கூடத்தில் நோயைக் கண்டறியும் வேலையில் குடும்பத்தாருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

இக்கூடம் தோன்றிய வரலாற்றிலிருந்தே தொடங்குகிறோம். டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் 1952ஆம் ஆண்டு இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. அந்நோய் கைகால்களை முடக்குவதை நாம் அறிவோம். சிலருக்கு அது விழுங்கும் தசைகளையும் மூச்சுவிடும் தசைகளையும்கூட முடக்கிவிடும். பிளெக்டாம் என்னும் மருத்துவமனையில் அப்போது இருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும், மார்பில் கவசம்போல் பொருத்தும் ஆறு சிறு கருவிகளுமே. நாள்தோறும் நோயாளிகள் வந்துகொண்டிருந்தனர். இக்கருவிகளின் துணையால் முதலில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டனர்.

அந்நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது பைகார்பனேட்டு என்னும் பொருள் மிகுந்து காணப்பட்டது. அதனைக் கண்ட மருத்துவர்கள், இரத்தத்தில் காரத்தன்மை மிகுந்துவிட்டது, காரணம் விளங்கவில்லை என்று கருதினர். அப்போது மயக்க மருந்து மருத்துவரான பியோர்ன் இப்ஸன் என்பவர் ஆலோசனைக்கு அழைக்கப்பட்டார். அவர் அதே கணக்கைப் பார்த்து வேறு பொருள் கூறினார். இந்நோயாளிகள் மூச்சை வெளியேற்றும் வலிமையின்றிக் கரியமில வாயுவை உடலுள் தேக்கிக்கொண்டு இறக்கிறார்கள். பைகார்பனேட்டு மிகுவது அத்தேக்கத்தின் விளைவே என்றார். அறுவைக் கூடத்தில் மயக்கமுற்ற நோயாளிகளின் சுவாசத்தை நாளெல்லாம் கையால் நடத்திப் பழகியவர் அவர். ஆதலால் அப்பொருள் அவருக்குப் புலப்பட்டது.

ஆகஸ்டு மாதம் 27ஆம் நாள், இறக்கும் தறுவாயில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டைக்குழியில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அழுத்தி இப்ஸன் அவளுக்கு மூச்சளித்தார். கரியமில வாயு இறங்கிற்று, சிறுமி பிழைத்தாள். அதன்பின் நடந்தது மருத்துவ வரலாற்றிலேயே இணையற்ற செயல் என்று எண்ணுகிறோம். எந்திரங்கள் இல்லையாதலால் மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் அமர்ந்து, பகலும் இரவும் பையை அழுத்தினர். ஒரு கட்டத்தில் 70 பேர் வரை ஒரே சமயத்தில் இவ்வாறு கையால் மூச்சளிக்கப்பெற்றனர். முன்னர் நூற்றுக்கு 87 ஆக இருந்த இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஷிப்டு வேலை பார்க்கும் நம்மவர்க்கு அதன் பாரம் தெரியும். தூங்கினால் ஓர் உயிர் போய்விடும் என்னும் ஷிப்டு அது.

ஈண்டு நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. ஆய்வகம் தந்த எண் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கொண்ட பொருள்தான் பிழை. அம்மருத்துவமனையின் ஆய்வகத் தலைவராக இருந்த பூல் அஸ்ட்ரப் இரத்தத்தின் அமிலத்தன்மையை அளந்து காட்டிய பிறகு ஐயம் நீங்கிற்று. 1953ஆம் ஆண்டு டிசம்பரில் இப்ஸன் கோபன்ஹேகன் நகராட்சி மருத்துவமனையில், எல்லா வகைக் கடும் நோயாளிகளையும் ஓரிடத்தில் வைத்து இடைவிடாது கண்காணிக்கும் தனிக்கூடம் ஒன்றை நிறுவினார். இன்று 'ஐ.சி.யு.' என்று நாம் அஞ்சி அஞ்சிச் சொல்லும் இடம் அதன் வழிவந்ததே.

இனி உள்ளே செல்வோம். கட்டிலின் மேல் ஒரு திரை. அதில் பல நிறக் கோடுகள் ஓடும். பக்கத்தில் எண்கள் மாறிக்கொண்டிருக்கும். நம் வீட்டார் உள்ளே போகும் ஐந்து நிமிடமும் நோயாளியின் முகத்தைப் பாராமல் அந்தத் திரையையே பார்த்துவிட்டு வருவார்கள். வெளியே வந்ததும், 'தொண்ணூற்று மூன்று இருந்தது, தொண்ணூற்றொன்று ஆகிவிட்டது' என்று அழுவார்கள். ஆகவே அவ்வெண்களைச் சிறிது அறிந்திருப்பது நன்று.

இருதயத் துடிப்பின் மின்கோடும் நாடியின் எண்ணிக்கையும் ஒன்று. இரத்த அழுத்தம் மற்றொன்று. இதில் மேலும் கீழுமாக இரண்டு எண்கள் இருப்பதோடு, அடைப்புக்குறிக்குள் மூன்றாவதாக ஒன்றும் இருக்கும். அது சராசரி அழுத்தம். உறுப்புகளுக்கு இரத்தம் போய்ச் சேருகிறதா என்பதற்கு அம்மூன்றாம் எண்ணையே மருத்துவர்கள் பெரிதும் நோக்குவர். பொதுவாக 65க்குக் குறையாமல் காக்க முயல்வர். கட்டிலுக்குக் கீழே தொங்கும் சிறுநீர்ப் பையைக் கண்டு நம்மவர் முகம் திருப்பிக்கொள்வர். அப்பையும் ஒரு மானிட்டரே. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி லிட்டருக்குக் குறைந்தால், சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் செல்லவில்லையோ என்று ஐயுறவேண்டும். அழுத்த எண் அழகாக இருக்கும்போதே அந்தப் பை உண்மையைச் சொல்லிவிடுவது உண்டு.

சுவாச எண்ணிக்கை எல்லாவற்றிலும் ஏழையானது. அதனை எவரும் மதிப்பதில்லை. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவர். உடல் கெடத் தொடங்கும்போது பலருக்கும் முதலில் மாறுவது இதுவே. மார்பில் ஒட்டிய வில்லைகளின் வாயிலாகக் கருவி இதனைக் கணக்கிடும்போது, நோயாளி அசைந்தாலும் இருமினாலும் கணக்குத் தவறும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழு ஒரு நிமிடம் மார்பு எழுந்து தாழ்வதைப் பார்த்து எண்ணும் செவிலியரைக் கண்டால், அவரை மனத்தால் வணங்குங்கள்.

விரல்நுனியில் மாட்டும் கருவியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது நம் வீடுகளுள்ளும் அது புகுந்துவிட்டது. இதன் தத்துவத்தைக் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. வேறொரு சோதனையை நடத்தும்போது நாடித்துடிப்பு தம் அளவைக் கலைப்பதாகக் கண்டு, அந்தத் துடிப்பையே பயன்படுத்தினால் தமனி இரத்தத்தின் பிராணவாயுவை மட்டும் பிரித்தறியலாம் என்று 1974ஆம் ஆண்டு வெளியிட்டார். சிவப்பு ஒளி ஒன்றும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி ஒன்றும் விரலினூடே செல்கின்றன. எந்த ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதிலிருந்து கணக்கு வருகிறது. அப்பெருமகன் 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், உலகமே தம் கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த வேளையில் மறைந்தார்.

அரிய கருவிதான், ஆனால் பொய்யே சொல்லாத கருவி அன்று. விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் கருஞ்சாயம் இருந்தாலும், இரத்த ஓட்டம் குன்றியிருந்தாலும் தவறும். நம்மைப் போன்றோர் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. விரற்கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்தபோது உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தோர் வெள்ளையருள் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. கறுப்பினத்தவருள் ஏறத்தாழப் பன்னிருவர். தோலின் நிறம் மிக, கருவி சற்று உயர்த்திச் சொல்கிறது என்பது இதனால் புலனாயிற்று. கருநிறத்தில் நாம் எவருக்கும் இளைத்தவர் அல்லோம் ஆதலின், மணிக்கட்டில் குத்தித் தமனி இரத்தம் எடுக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது, 'விரலில்தான் மாட்டியிருக்கிறதே, ஏன் மீண்டும் குத்துகிறீர்கள்' என்று சண்டைக்குப் போகாதிருக்க வேண்டுகிறோம். கரியமில வாயு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை விரற்கருவி ஒருபோதும் சொல்லாது. கோபன்ஹேகனில் ஆளைக் கொன்றது அந்த வாயு.

இதனோடு சேர்ந்த ஒரு செய்தி இவ்வூர்க் குளிர்காலத்துக்கு உரியது. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் அங்கீட்டி மூட்டி உறங்கும் வழக்கத்தை இங்கு வந்து நாமும் கற்றுக்கொண்டோம். அதிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு எழும், நிறமில்லை, மணமில்லை. அது பிராணவாயுவைத் தள்ளிவிட்டு இரத்தத்தில் தான் ஒட்டிக்கொள்ளும். விரற்கருவிக்கு அவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாது. நோயாளி நினைவிழந்து கிடக்க, அது 98 என்று காட்டும். அதற்குத் தனி இரத்தச் சோதனை உண்டு. ஆனால் 'இரவு அறையில் அங்கீட்டி எரிந்தது' என்று கூட வந்தவர் சொன்னால்தானே அச்சோதனை செய்யத் தோன்றும்? தலைவலி, வாந்தி, மயக்கம் என்று மட்டும் சொன்னால் ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன.

எண்களைப் பற்றி இனி ஒன்றுதான். ஓர் எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்தல் ஆகாது. நம் கண்ட்ரோல் ஆபீஸில் செக்ஷன் கண்ட்ரோலர் வரையும் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பு பென்சிலால் வரைந்தார்கள், இப்போது கணினித் திரையில் தோன்றுகிறது, முறை ஒன்றே. இன்ன நிலையத்தை வண்டி இன்ன நேரத்தில் கடந்தது என்னும் ஒரு புள்ளி ஏதும் சொல்லாது. புள்ளிகளை இணைக்கும் கோடு சரியத் தொடங்குவதைக் கொண்டே, வண்டி எங்கோ மூச்சு வாங்குகிறது என்று கண்ட்ரோலர் அறிகிறார். நாடி 110 என்பது ஒரு புள்ளி. காலை 84, நண்பகல் 96, மாலை 110 என்றால் அது கோடு. ஆகவே மருத்துவரிடம் 'இப்போது எவ்வளவு' என்று கேட்பதைவிட, 'நேற்றைக்கு இன்று எப்படி' என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

அந்தக் கோட்டை வரைவதற்கும் முதற்புள்ளி வேண்டும் அன்றோ? நோய் வருமுன் அவர் எப்படி இருந்தார் என்பதே அந்த முதற்புள்ளி. அது மருத்துவமனையில் இல்லை. நம் வீட்டு அலமாரியில், பழைய பிளாஸ்டிக் பைக்குள், துணிக்கடை நாட்காட்டியோடு சுருண்டு கிடக்கிறது.

சில உதாரணங்கள் சொல்வோம். எப்போதும் 160 அழுத்தத்தோடு நடமாடுபவருக்கு 110 என்பது வீழ்ச்சி. கருவியின் கண்ணுக்கு அது நல்ல எண். முப்பது ஆண்டுகள் தண்டவாளத்தின் மேல் நடந்தே தேய்ந்த ஒரு கீமேனுக்கு நாடி 52 என்பது இயல்பாக இருக்கலாம். கருவி மணியடித்துக்கொண்டே இருக்கும். அழுத்தத்துக்கென்று சிலர் உட்கொள்ளும் மருந்துகளுள் ஒரு வகை, நாடியை உயரவிடாமல் பிடித்து வைக்கும். உள்ளே இரத்தம் கசிந்து உடல் தவித்தாலும் நாடி ஏறாது. மருந்தின் பெயர் தெரியாத மருத்துவர் நாடியைப் பார்த்து அமைதியடைவார். நீராவி எஞ்சின் காலத்தில் கரி அள்ளிப் போட்டு நுரையீரல் கெட்டுப்போன பெரியவர் சிலருக்கு 88 முதல் 92 வரை பிராணவாயு இருந்தாலே போதும். நூறாக்குகிறோம் என்று மிகுதியாகக் கொடுத்தால் கரியமில வாயு தேங்கி நினைவு மங்கும்.

நுண்ணுயிர்த் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளைக் கெடுக்கும் நிலையைச் 'செப்ஸிஸ்' என்கிறார்கள். தீவிர சிகிச்சைக் கூடத்தின் பெரும்பகை இதுவே. 2016ஆம் ஆண்டு உலக மருத்துவ வல்லுநர் கூடி வகுத்த இலக்கணப்படி, சுவாசம், இரத்தத் தட்டணுக்கள், கல்லீரல், இரத்த அழுத்தம், நினைவு, சிறுநீரகம் ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் இட்டு, அவ்வெண் முன்னிருந்ததைவிட இரண்டாவது உயர்ந்திருந்தால் செப்ஸிஸ் என்று கொள்வர். 'முன்னிருந்ததைவிட' என்னும் சொல்லைக் கவனியுங்கள். இரத்தத்தில் கிரியாட்டினின் 2 இருக்கிறது. அது மூன்று ஆண்டுகளாக இருக்கும் 2ஆ, நேற்று முளைத்த 2ஆ? முன்னது பழைய நோய், பின்னது அபாயம். ஆறு மாதத்துக்கு முந்திய ஒரு சோதனைத் தாள் இதற்கு விடை கூறிவிடும். கோப்புகளைக் காப்பதே தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்ற எழுத்தரை வீட்டார் கேலி செய்வதுண்டு; இவ்வொரு விஷயத்தில் எழுத்தர் புத்தி நல்ல புத்தி.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நினைவின் அளவைக் கணக்கிட கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேல், ஜென்னட் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டு ஓர் அளவுகோலை வகுத்தனர். கண் திறத்தலுக்கு நான்கு வரை, பேச்சுக்கு ஐந்து வரை, உடலசைவுக்கு ஆறு வரை மதிப்பெண்; கூட்டினால் மிகுதி 15, குறைவு 3. பேச்சில், பெயரும் இடமும் காலமும் தெளிவாகச் சொன்னால் ஐந்து. குழம்பிச் சொன்னால் நான்கு. பொருந்தாத சொற்கள் என்றால் மூன்று. பொருளற்ற ஒலி என்றால் இரண்டு. ஒன்றுமே இல்லையெனில் ஒன்று. இந்தியில் கேட்டதற்குத் தமிழில் விடை சொல்பவருக்கு எத்தனை மதிப்பெண்? மொழித்தடை இருந்தால் சோதிக்க இயலவில்லை என்று குறிக்கவேண்டும் என்பதே முறை. நள்ளிரவில், பன்னிரண்டு கட்டில்களுக்கு நடுவே, அதைச் செய்ய எல்லாருக்கும் தோன்றுவதில்லை.

எங்கள் தாயார் 2018ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் நுரையீரல் அழற்சியால் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதனை அவரிடம் இசைவு பெற்றே கூறுகிறோம். அவர் இந்நாட்டுப் பக்கம் வந்து முப்பது ஆண்டுகளாயின. காய்கறிக்காரனோடு பேரம் பேசும் அளவுக்கு இந்தி உண்டு, அதற்குமேல் வேண்டியிருந்ததில்லை. இரவுப் பணியிலிருந்தவர், இது என்ன மாதம் என்று இந்தியில் கேட்டிருக்கிறார். கேள்வி எப்படியோ விளங்கி, 'மார்கழி' என்று விடை கூறியிருக்கிறார் தாயார். அதைவிடத் தெளிவான விடை உண்டோ? குறிப்பேட்டில் 'பொருந்தாத சொற்கள்' என்று ஏறிவிட்டது. மூளையில் ஏதோ என்று கருதி, பொழுது விடிந்ததும் தலையை ஸ்கேன் எடுக்க ஏற்பாடாயிற்று. பிராணவாயுக் குழாயோடு அவரைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுசெல்வது அப்போதிருந்த நிலையில் எளிய காரியமன்று. காலைப் பணிக்கு வந்த செவிலி கேரளத்துப் பெண். மலையாளமும் தமிழுமாகக் கலந்து பேசிப் பார்த்துவிட்டு, 'அம்மாவுக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது. மாதமும் சரி, கிழமையும் சரி, நான் சாப்பிட்டேனா என்றும் கேட்கிறார்கள்' என்று மருத்துவரிடம் கூறினார். மூன்று ஐந்தாயிற்று; ஸ்கேன் நின்றது. அந்த மருத்துவர் உடனே தாமே கட்டிலருகே வந்து பார்த்துக் குறிப்பை மாற்றினார் என்பதையும் சொல்லவேண்டும்.

நான்காம் நாள் நடந்தது இதற்கு நேர்மாறு. தாயார் அமைதியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அந்தச் செவிலி அன்று விடுப்பு. மற்றவர்கள், பாட்டி தம் மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார், நல்ல குணம் என்றே எண்ணியிருந்தனர். மாலையில் உள்ளே சென்று காது கொடுத்துக் கேட்டால், 'விஜயவாடா தாண்டியாயிற்றா, கூஜாவில் தண்ணீர் பிடித்தாயா' என்கிறார். கூடமே அவருக்கு இரயில் பெட்டியாகிவிட்டது. இது அவருடைய இயல்பான பேச்சன்று என்று நாங்கள் சொன்னதும் மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தார். சோடியம் 135க்குக் குறையாதிருக்க வேண்டியது 121க்கு இறங்கியிருந்தது. நுரையீரல் அழற்சியில் இப்படி நேர்வதுண்டாம். அதனை ஒரேயடியாக உயர்த்தினால் மூளைக்குக் கேடு என்று, அளவறிந்து சிறிது சிறிதாக உயர்த்தினார்கள். மூன்று நாளில் இரயில் பெட்டி மறைந்து கூடம் மீண்டும் கூடமாயிற்று.

தெளிவாகப் பேசியபோது குழப்பம் என்று எழுதினார்கள். குழம்பியபோது தெளிவு என்று எண்ணினார்கள். எவரையும் குறை சொல்வதற்கில்லை. அம்மொழி அறியாதவர் வேறு எவ்வாறு அறிவார்?

இந்தச் சித்தக் கலக்கத்துக்கு 'டெலீரியம்' என்று பெயர். செயற்கைச் சுவாசத்தில் இருப்போர் பலருக்கும் வருவது. கூச்சலிடாமல் சும்மா விழித்துக்கொண்டு கிடக்கும் வகையும் உண்டு, அதுவே கண்ணுக்குத் தப்புவது. இதனைக் கண்டறிய ஒரு சோதனை வகுத்திருக்கிறார்கள். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வர். குறித்த எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தவேண்டும். பிறகு ஆம், இல்லை என்று தலையசைக்கும்படியான கேள்விகள்: கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் உண்டா என்பன போல. பேச இயலாதவருக்கும் இது பொருந்தும். கல் மிதக்குமா என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால், அப்பர் பெருமானை நினைந்து ஆம் என்று தலையசைத்துவிடுவார்களோ என்பதே எங்கள் கவலை. அதற்கும் மதிப்பெண் குறையும்! அருகில் ஒரு தமிழர் இருந்தால் விளக்கம் சொல்லலாம்.

மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் பல்செட்டும் உள்ளே செல்லும்போது கழற்றி நம் கையில் தரப்படுகின்றன. கண் தெரியாமல், காது கேளாமல், அயல்மொழி நடுவே கிடப்பவர் குழம்பாதிருந்தால்தான் வியப்பு. உயிருக்கு ஆபத்தான கட்டம் கடந்ததும் அவற்றை மீண்டும் அணிவிக்கலாமா என்று கேளுங்கள். மறுக்கமாட்டார்கள்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு செயற்குழு ஒரு படிவம் தயாரித்திருக்கிறது. ஒரே தாள், ஒரு புறம் இந்தியும் ஆங்கிலமும், மறுபுறம் தமிழ். வழக்கமான இரத்த அழுத்தம், நாடி, கடைசியாகச் சோதித்த கிரியாட்டினின், சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகியவற்றுக்கு நாளுடன் இடம் விடப்பட்டிருக்கிறது. உட்கொள்ளும் மருந்துகளைக் கடையட்டையில் உள்ள பெயரிலேயே எழுதவேண்டும். 'வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று' என்று எழுதுவதில் பயனில்லை. ஊரிலிருந்து வரவழைத்து உண்ணும் லேகியம், பஸ்மம், கஷாயம் எதுவாயினும் எழுதுங்கள். மருத்துவர் ஏசுவார் என்று மறைக்கவேண்டாம். ஏசினாலும் தெரிந்துகொண்டு ஏசட்டும். ஒவ்வாத மருந்து, செய்துகொண்ட அறுவை, உமீத் அட்டை எண் ஆகியவை அடுத்து வரும். அதன் கீழே, 'ஒரு மாதத்துக்கு முன் இவர் என்ன செய்துகொண்டிருந்தார்' என்று ஒரு வினா. நிலையத்து மேம்பாலம் ஏறி இறங்குவாரா, வீட்டுக்குள் மட்டும் நடப்பாரா, கணக்கு வழக்கு நினைவிருக்குமா என்பதை இரண்டு வரியில் எழுதினால் போதும். மருத்துவர் பலர் முதலில் கேட்பதும் நம்மவர் விழிப்பதும் இவ்வினாவுக்கே.

தமிழ்ப்புறத்தில் பெரிய எழுத்தில் சில சொற்கள் உள்ளன: வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது, தாகம், குளிர்கிறது, புரட்டிப் படுக்கவையுங்கள், வீட்டாரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இந்திச் சொல்லும் ஒரு சிறு படமும் உண்டு. தொண்டையில் குழாய் இருக்கும்போது பேச்சு வராது. விரலால் தொட்டுக் காட்டலாம். படம் எதற்கு என்று குழுவில் ஒரு விவாதம் நடந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்கமாட்டார்கள். நம் பாட்டிமார்களில் சிலர் எம்மொழியும் படிக்கமாட்டார்கள். இதை ஒருவர் எழுந்து சொன்னபிறகு விவாதம் நின்றது. ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பாதவர்கள் அதைத் தங்களுக்குச் சொன்னதாகவே கொள்ளலாம்.

இரண்டாவது ஏற்பாடு, முறைப்பட்டியல். தமிழ் மட்டும் அறிந்த எவரேனும் இவ்வூர் மருத்துவமனைகளுள் எதிலேனும் தீவிர சிகிச்சைக் கூடத்தில் சேர்க்கப்பட்டால், இரவு எந்நேரமாயினும் தொலைபேசியில் அழைத்ததும் நோயாளியிடம் தமிழில் பேசி, அவர் சொல்வதைச் செவிலியருக்கு இந்தியில் எடுத்துரைக்க ஒப்புக்கொண்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். அவர்கள் செய்யவேண்டியது ஒன்றே. நோயாளி என்ன சொல்கிறாரோ அதை அப்படியே சொல்லவேண்டும். குழம்பிப் பேசினால் குழப்பத்தையும் குழப்பமாகவே சொல்லவேண்டும். நாகரிகத்துக்காகத் திருத்தி, 'நலம் என்கிறார்' என்று சொல்லிவிட்டால் நோயை மறைத்தவர்கள் ஆவோம். இதுவரை பதினொருவர் பெயர் தந்திருக்கிறார்கள். இரவு ஷிப்டில் வேலை செய்பவர்களே மிகுதி. எப்படியும் விழித்திருப்பவர்கள் என்று காரணம் சொன்னார்கள். பெண் நோயாளிகளுக்குப் பேசப் பெண்மணிகள் இருவரே உள்ளனர். மேலும் சிலர் வேண்டும்.

படிவங்கள் சங்க நூலகத்தில், வார இதழ்கள் வைக்கும் மேசையின் இழுப்பறையில் இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்று என்று எண்ணாமல் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலால் நிரப்புவது நல்லது. மருந்து மாறினால் அழித்து எழுதலாம். நிரப்பியதை அலமாரிக்குள் பூட்டிவைக்காமல், நள்ளிரவில் அண்டை வீட்டார் வந்து தேடினாலும் கைக்குக் கிட்டும்படி, வாசற்கதவின் உட்புறத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். இரத்த வகை தெரியாதவர்கள் அவ்விடத்தை வெறுமையாக விடலாம். ஊகித்து எழுதவேண்டாம், மருத்துவமனையில் அவர்களே சோதித்துக்கொள்வார்கள். இந்தியில் எழுதக் கை வராதவர்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் வந்தால் நாங்கள் எழுதித் தருகிறோம். வரும்போது மருந்தட்டைகளை மறவாமல் எடுத்துவாருங்கள்.